கவிழ்ந்த கை

தண்டையார்பேட்டையில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு விறகுத் தொட்டி இருந்தது. வடக்கேயிருந்து படகுகளில் வரும் சவுக்குக் கட்டைகள் அங்கேதான் இறங்கும். தொட்டிக்காரரின் மகன் சௌக்கத் அலிக்குச் சொந்தமாக ஒரு சின்னப் படகு உண்டு. சனிக்கிழமை மத்தியானம் ஆனால், மருத்துவப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பக்தவச்சலம் புத்தகமும் கையுமாக வந்து அதில் ஏறிக்கொள்வான்.

படிப்பு, வீடு, படகு. இந்த மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ள அவன் கண்டுபிடித்த வழி அது. கால்வாய் நேராக வடக்கே திருவொற்றியூருக்குப் போகிறது. அங்கே அவன் அம்மா பச்சையம்மா தனியாக இருந்தாள். போகும் வழியில் ஒருவன் துடுப்பு வலிப்பான், இன்னொருவன் உட்கார்ந்திருப்பான், பிறகு மாற்றிக்கொள்வார்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பக்தவச்சலத்துக்குப் பாடம். பொழுது சாயும்போது வீடு வந்துவிடும்.

அவன் டாக்டருக்குப் படிக்கப் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான். அவன் அப்பா வேலப்பன் துறைமுகத்தில் படகு வலித்தவர். மகனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, ரங்கூன் போய்ச் சம்பாதித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ரங்கூன் போகிற கப்பல்களில் டாக்டர் வைத்திருப்பார்கள். பரீட்சை தேறினால் அந்த வேலை கிடைக்கும். கிடைத்தால் அக்கரையில் இறங்கித் தேடலாம். பச்சையம்மா நெற்றியில் குங்குமம் மாறாமல் காத்திருந்தது அதற்காகத்தான்.

1927-ஆம் வருஷம், ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு சனிக்கிழமை. பக்தவச்சலம் அன்று புத்தகத்தோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தான்.

"இன்னா மாமு பொட்டில? ஹாஸ்டல்ல பலகாரம் போட்டாங்களா?" என்றான் சௌக்கத்.

"எலும்பு."

"ஆட்டெலும்பா?"

"ஆளு."

சௌக்கத் துடுப்பைக் கீழே போட்டான். "மொதல்ல நீ எறங்கு. அப்பால பொட்டிய எறக்கு."

பக்தவச்சலம் சிரித்தான். எதையும் பிரித்துச் சொன்னால் பயம் போய்விடும் என்பது அவன் நம்பிக்கை. உடற்கூறு படிக்க எலும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், படம் போதாது. நம் உடம்பில் வலது பக்கம் எப்படியோ இடதும் அப்படித்தான். அதனால் ஒரு முழு எலும்புக்கூட்டை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதியாக இரண்டு மாணவர்கள் எடுத்துக்கொள்வது பள்ளி வழக்கம். தேறியவன் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். இந்தப் பெட்டியில் இருப்பது வலது பாதி. அறுவைக் கூடத்து வேலையாள் லூயிஸ் எங்கிருந்தோ தேடிப்பிடித்துத் தந்தது.

"எவ்ளோ கனம் கீது?"

"காஞ்ச எலும்புடா. ரெண்டு படி அரிசி கூட வராது."

சௌக்கத் முனகிக்கொண்டே பெட்டியைப் படகின் முன்மூக்கில் வைத்தான். படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். படகு நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் சௌக்கத் வலிப்பதை நிறுத்தினான்.

"மூக்கு தண்ணியில குத்திகினு போவுது, பாரு."

படகின் இரு பக்கமும் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு உண்டு. படகு ஒரு தராசு மாதிரி. உள்ளே எவ்வளவு கனம் ஏறுகிறதோ, அந்தக் கனத்துக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிவிட்டு அது அமுங்கும். இரண்டு பேர் ஏறினால் கோடு தண்ணீருக்கு மேலே நாலு விரல் நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும். இப்போது முன்பக்கத்தில் கோட்டையே காணோம்.

ஓட்டையாக இருக்கும் என்று பலகைகளைத் தடவிப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இல்லை.

பெட்டியைப் பின்பக்கம் மாற்றினார்கள். முன்மூக்கு எழும்பியது. பின்பக்கம் அமுங்கியது.

ஓர் ஆள் எழுந்து, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த மாதிரி.

"கால்வாய்ல சேறு ஏறிப்போச்சு. அடி தட்டுது, வேற ஒண்ணுமில்ல" என்றான் பக்தவச்சலம். துடுப்பைச் செங்குத்தாக விட்டுப் பார்த்தான். அடி தட்டவில்லை. நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாடை மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவர்களிடம் இருந்தது பருத்திக் கயிறு.

பேச்சை மாற்ற அவன் பெட்டியைத் திறந்து முன்கை எலும்புகளை எடுத்தான்.

"இதைப் பாரு. முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பு. சுண்டுவெரல் பக்கத்து எலும்பு அசையாது. கட்டவெரல் பக்கத்து எலும்பு அது மேல உருளும். உள்ளங்கை மேல பாத்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்கும். கைய கவுத்தா ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க வரும். உன் கைலயே செஞ்சு பாரு."

சௌக்கத் தன் கையைக் கவிழ்த்து மல்லாத்திப் பார்த்தான். அவனையும் மீறி, "அட" என்றான்.

"ஆனா இந்த ஆளுக்கு ரெண்டு எலும்பும் ஒண்ணா முறிஞ்சிருக்கு. ஒட்டும்போது ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒட்டிடுச்சு. கை கவுந்த மேனிக்கே நின்னுபோச்சு."

"அப்ப வேலவெட்டி செய்ய முடியாதா?"

"செய்யலாம். துடுப்பு புடிக்க, சம்மட்டி புடிக்க, கை கவுந்து இருந்தா போதும். யாராச்சும் எதையாச்சும் குடுத்தா வாங்கறதுதான் கஷ்டம். உள்ளங்கை வானத்தைப் பாக்காது."

"பாவம்பா" என்றான் சௌக்கத். "பிச்ச கூட எடுக்க முடியாது."

திருவொற்றியூரில் இறங்கும்போது மேகம் கறுத்திருந்தது. சௌக்கத் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, "ஆயா, உம் புள்ளய ஒப்படைச்சிட்டேன், நான் அத்தை வூட்டுக்குப் போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

பச்சையம்மா கேட்ட முதல் கேள்வி எப்போதும் கேட்பதுதான். "ரங்கூன் கப்பலு வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சும்மா. விசாரிச்சேன். ஒண்ணும் தெரியல."

"தெரியும். நீ டாக்டராயி போனா தெரியும்."

அவளுக்கு மாலைக்கண். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணுக்கு ஒரு சத்து வேண்டும். சோறும் புளித்தண்ணீருமாகக் கழிக்கிற உடம்பில் அது வற்றிவிடும். மீன் ஈரல் எண்ணெய் குடித்தால் திரும்பும் என்று மகன் புட்டி வாங்கித் தந்திருந்தான். நாற்றம் பிடிக்காமல் அவள் அதை விளக்கில் ஊற்றி எரித்துவிட்டாள். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிடுவாள். விளக்கேற்றியதும் மகன் கையில் ஒரு சிட்டிகை வைப்பாள்.

பெட்டியை உள் அறை மூலையில் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

விளக்கேற்றி, அம்மா திருநீற்று மடிப்பைப் பிரிப்பதற்குள் மழைக்காற்று அடித்தது. விளக்கு அணைந்தது.

தீப்பெட்டி தேடி அவன் அடுப்பங்கரைக்குள் போனான். ஈரத்தில் குச்சி பற்றவில்லை. பின்னால், உள் அறையில், அம்மாவின் குரல் கேட்டது.

"எங்க நிக்கிறே? சாமி துண்ணூறு. கைய நீட்டு."

நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

"ஆங், கீறியா. இந்தா."

அவன் இன்னொரு குச்சியை எடுத்தான். உரசினான்.

"இன்னாத்துக்கு இப்டி சாஞ்சுகினு நிக்கிறே? முழங்கைய விலாவோட ஒட்டிகினு? நேரா நீட்டுடா."

நனைந்த நார்க்கயிற்றின் வாடை அடுப்பங்கரைக்குள் வந்தது.

"உங்க நைனாதான் இப்டி சாய்வாரு. அவருக்குக் கை மல்லாக்க திரும்பாது. உனக்கு இன்னா கேடு?"

குச்சி பற்றவில்லை.

"கை ஏன்டா இப்டி சில்லுனு கீது?"

பற்றியது.

உள் அறையில் அம்மா மட்டும் நின்றாள், மூலையைப் பார்த்தபடி. அவள் விரல் நுனியில் திருநீறு இல்லை.

அவன் விளக்கை ஏற்றினான். குரலை அடக்கிக்கொண்டு கேட்டான். "நைனா கைக்கு என்னம்மா ஆச்சு?"

"உனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்ன. கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல மாட்டிகிச்சு. மூங்கிப்பத்த வச்சு கட்னாங்க, கோணலா கூடிடுச்சு. துடுப்பு நல்லாதான் வலிப்பாரு. துண்ணூறு வாங்கணும்னா மட்டும் ஒடம்பையே சாச்சு வாங்குவாரு."

கோயிலில் அப்பா வலப்பக்கம் சாய்ந்து நிற்பதை அவன் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். பக்தி என்று நினைத்திருந்தான். சந்நிதியில் அப்படித்தான் நிற்க வேண்டும் போல என்று தானும் கொஞ்ச நாள் சாய்ந்து நின்றிருக்கிறான்.

அம்மா முன்கட்டுக்குப் போனதும் பெட்டியருகே குனிந்தான். கயிற்று முடிச்சு போட்டபடியே இருந்தது. அவிழ்த்தான். கம்பியில் கோத்த கை எலும்புகள் கவிழ்ந்து கிடந்தன. மெல்லத் திருப்பினான்.

உள்ளங்கைக் குழியில் ஒரு சிட்டிகை திருநீறு.

அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குங்குமம் அந்த நிமிஷமே அழிய வேண்டும். திங்கட்கிழமை நேரே லூயிஸிடம் போனான்.

"அதுவா? அநாதப் பொணம் தம்பி. ஆரு பேரு கேட்டா, ஊரு கேட்டா? ஏழெட்டு வருசமா கை மாறிகினு கீது." லூயிஸ் வெற்றிலையைத் துப்பினான். "கோணலா கீதுன்னு பாக்கறியா? வேணாம்னா சொல்லு, வேற பாக்கலாம்."

"இடது பாதி எங்கே?"

"அது ஒரு ஐயா கிட்ட இருந்துச்சு. அவரு தேறி கப்பல் டாக்டரா பூட்டாரு. பொட்டியும் கூடவே போச்சு."

"எங்க போற கப்பல்?"

"ரங்கூன் கப்பலு."

அடுத்த சனிக்கிழமை சௌக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். சௌக்கத் கேலி பேசவில்லை. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கித் தன் மடியருகே வைத்துக்கொண்டான். அன்று திருவொற்றியூரில் நிற்காமல் எண்ணூர் வரைக்கும் வலித்தார்கள். அங்கே கழிமுகம் கடலில் சேர்கிறது. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும். வற்றும்போது உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வெளியே ஓடும். வற்றத் தொடங்கும் வரை காத்திருந்து, ஒவ்வொரு எலும்பாக அவன் தண்ணீரில் விட்டான். கடைசியாக அந்த முன்கை. ஒரு கணம் தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு இழுத்துக்கொண்டு போனது.

"எழும்புது பாரு மாமு!" சௌக்கத் விளிம்பில் குனிந்து கத்தினான். "கோடு தெரியுது! பூட்டாரு, உங்க நைனா பூட்டாரு!"

பக்தவச்சலமும் எட்டிப் பார்த்தான். கோடு மேலே வந்திருந்தது. தண்ணீருக்கும் கோட்டுக்கும் நடுவே விரலை வைத்தான்.

நாலு விரல் இல்லை. இரண்டு.

சௌக்கத்திடம் அதைச் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். மீதிப் பாதியைக் கொண்டுவர ரங்கூன் போக வேண்டும். ரங்கூன் போகக் கப்பல் வேலை வேண்டும். கப்பல் வேலைக்குப் பரீட்சை தேற வேண்டும். பரீட்சை பொங்கல் கழிந்தவுடன். படிக்க எலும்பு வேண்டும். இன்னொரு பெட்டி வாங்கலாம்தான். ஆனால் யாருடைய அப்பா? எந்த எலும்பையும் இனி அவன் கை தொடாது என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வழி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, திரும்ப மறுத்தது.

வீட்டு வாசலில் சௌக்கத் விடைபெற்றான். மழை இல்லை. காற்றும் இல்லை. மேற்கே கடைசி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பக்தவச்சலம் துடுப்புகளைச் சுவரில் சாய்ப்பதற்காக வாசலுக்கு வெளியிலேயே நின்றான். இரண்டு கையிலும் இரண்டு துடுப்பு.

உள்ளே அம்மா இன்னும் விளக்கேற்றவில்லை. தட்டுத் தடவி நடக்கும் சத்தம் கேட்டது. திருநீற்று மடிப்பைப் பிரிக்கும் சத்தம்.

"வந்துட்டியா? இந்தா, கைய நீட்டு."

அவன் கைகளில் துடுப்புகள் அப்படியே இருந்தன.

"அடச் சீ, இன்னாடா இது? எடது கைய நீட்றே? சாமி துண்ணூறு, எடது கைல ஆருனா வாங்குவாங்களா?"

வாசலில் நார்க்கயிற்றின் வாடை.

"அந்தக் கைய கொண்டா. எங்க வலது கை?"

அம்மா கொஞ்ச நேரம் இருட்டில் எதையோ தடவித் தேடினாள். பிறகு அலுத்துக்கொண்ட குரலில், எதையோ விட்டுக்கொடுப்பவள் போலச் சொன்னாள்.

"சரி, இதுலயே வாங்கிக்க. இந்தக் கையாச்சும் நல்லா விரியுது."