பின்னலைப் பிடித்த கை

கிட்ட வாங்க கண்ணுகளா! இன்னும் கிட்ட... அப்படித்தான். முடிக்குப் போடுகிற சரக்கை வைத்து ஒருத்தி கொலைகாரனைப் பிடித்த கதை சொல்லப் போகிறேன். ரத்தம் வரும். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

"ஐயோ...!"

காலை ஏழு மணி. பள்ளிபாளையத்தில் ஒரு தகர ஷெட்டுக்குள் இருந்து அலறல்!

அலறியவள் சௌந்தர்யா. வீட்டுக்குப் பின்னால் அந்த ஷெட்டைப் போட்டு, கூந்தல் சீரம் தயாரித்து பார்லர்களுக்கு விற்பவள்.

தரையில் கிடந்தவள் மைதிலி. அவளிடம் சரக்கு கலக்கும் பெண்.

மண்டை பிளந்திருந்தது! கலக்குகிற இரும்புத் தடி பக்கத்திலேயே... நுனியில் ரத்தம், முடி!

இன்ஸ்பெக்டர் அருணகிரி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் 'உன்னைக் கொன்னு போட்டுருவேன்'னு இந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துனியாமே? தெருவே கேட்டிருக்கு!"

"கத்துனேனுங்க சார்... சீரம் போட்ட அஞ்சு பேருக்கு மண்டைத்தோல் வெந்துபோச்சுங்க. இவ கலக்குனதுல தப்புன்னு நெனச்சுட்டேன்."

"அதுக்காக அடிச்சே கொன்னுட்டே?"

"இல்லீங்க சார்! தப்பு இவ மேல இல்ல, சரக்குலதான்! சீரத்துக்குன்னு வாங்குன இந்த டிரம்மைப் பாருங்க!"

ஓடினாள். டிரம்மில் இருந்து ஒரு கரண்டி மொண்டு, தண்ணீர் டம்ளரில் ஊற்றிக் கலக்கினாள்.

பாலாய்க் கரைந்தது!

"முடிக்குப் போடற சிலிக்கான் எண்ணெய் தண்ணியோட சேராதுங்க சார். தனியா நிக்கும். இது சாயப்பட்டறையில துணி வழவழன்னு ஆகறதுக்குப் போடற சாஃப்ட்னருங்க! பாதி வெலைச் சரக்கு. மைதிலி இதைக் கண்டுபுடிச்சிருக்கா... அதான் போட்டுத் தள்ளிட்டாங்க!"

"டிரம்மைக் கொண்டாந்தது யாரு?"

"கௌசிக்குங்க. அவன்தான் சரக்கு சப்ளை."

பத்தே நிமிடத்தில் கௌசிக் வந்து நின்றான். பிணத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"சீல் ஒடைக்காமக் கொண்டாந்து எறக்குனேனுங்க சார். எட்டு வருசமா பார்லர் சரக்குதான் விக்கறேன். சாயப்பட்டறை வாசலைக்கூட மிதிச்சதில்லீங்க! மாத்துனது இந்தக்காவேதான்!"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

அதை மாட்டினால் சௌந்தர்யாவின் வாழ்க்கை அவ்வளவுதான்!

"சார்... ஒரே நிமிசம் குடுங்க!"

அலமாரியில் இருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கௌசிக்கு, இதுல ஒண்ணு நல்ல சிலிக்கான். ஒண்ணு பட்டறைச் சரக்கு. எது எதுன்னு சொல்லு பாப்போம்."

"இதென்னங்கக்கா சின்னப்புள்ளை வெளையாட்டு?"

"சொல்லித் தொலையேன்யா!" என்றார் அருணகிரி.

கௌசிக் ஒரு துளியை விரலில் தொட்டான். சட்டை நுனியை இழுத்துத் தடவினான். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கசக்கினான். கண்ணை மூடி யோசித்தான்.

அடுத்த பாட்டில்... அதே சட்டை! அதே கசக்கல்!

"இதானுங்க நல்லது. ஃபீல் சும்மா அள்ளுது!"

சௌந்தர்யா சிரித்தாள்... அழுதுகொண்டே!

பாட்டிலைத் தன் பின்னலில் அப்படியே கவிழ்த்தாள். இரண்டு கையாலும் உருவினாள்.

"முடிச் சரக்கு விக்கறவன் இப்படி முடியிலதானுங்க சார் தேச்சுப் பாப்பான். சட்டையில தேச்சுக் கசக்கறவன் சாயப்பட்டறைக்காரன்! வாய் பொய் சொல்லுச்சு... கைக்குப் பொய் சொல்லத் தெரியலீங்க!"

கௌசிக்கின் முகம் வெளுத்தது.

"அப்புறம் இன்னொண்ணுங்க சார். ரெண்டு பாட்டில்லயும் இருக்கறது ஒரே சரக்கு... நல்ல சிலிக்கான்!"

ஒரே பாய்ச்சல்!

மேஜையில் கிடந்த கேன் அறுக்கும் கத்தி அவன் வலது கையில். சௌந்தர்யாவின் பின்னல் இடது கையில். கத்தி கழுத்தில்!

"கிட்ட வந்தா அறுத்துப்போடுவேன்! அவளும் இப்படித்தான்... 'போலீசுக்குப் போறேன், போறேன்'னா... ஒரே அடி!"

சௌந்தர்யாவின் கழுத்தில் ரத்தம் கோடாய் இறங்கியது.

அருணகிரியின் துப்பாக்கி பாதியில் நின்றது.

சௌந்தர்யா சட்டென்று முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்தாள்!

சிலிக்கானில் ஊறிய பின்னல் அவன் பிடியில் இருந்து விலாங்கு மீனாய் நழுவியது. வீசிய கத்தி காற்றைத்தான் அறுத்தது.

டுமீல்!

கௌசிக்கின் முழங்கால் சிதறியது. சுருண்டு விழுந்து ஊளையிட்டான்.

சௌந்தர்யா தவழ்ந்து போய் மைதிலியின் ஜில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னையப் போய்த் திட்டுனேனே சாமி..."

அருணகிரி அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏம்மா, உன் சீரம் போட்டா எத்தனை நாள் நிக்கும்?"

"தலைக்கு ஊத்தற வரைக்கும் நிக்கும்ங்க சார். மூணு நாளு."

"நான் போடற விலங்கு இவனுக்கு ஆயுசுக்கும் நிக்கும்!"

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் குடும்பம் தழைக்கட்டும், அடுப்பு அணையாமல் எரியட்டும், வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கூந்தல் முழங்கால் வரை வளரட்டும்... பிடித்து இழுக்க வருகிற கைக்கு மட்டும் வழுக்கோ வழுக்கென்று வழுக்கட்டும்!