ஒரு புள்ளி குறைந்த வருடம்

முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நெஃபீஸே கடிகார அறைக்குள் வந்தாள். அவள் கணவர் ஸாதுல்லா பள்ளிவாசல் சுவர்களில் வசனம் எழுதுபவர். காலையில் குவிமாடத்தடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தார்.

“எஃபெந்தி, அவராத்தான் குதிச்சார்ங்கிறார் இமாம். ஜனாஸா தொழவைக்க மாட்டாராம். சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும். தொழுகை இல்லாம எப்படிங்க மண்ணுக்குள்ள அனுப்புவேன்?”

தொழுகை நேரம் கணிக்கும் ஷாகிர் எஃபெந்தி கடிகாரச் சாவியைக் கீழே வைத்தார். விளக்கேற்றும் துர்சுன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். ஊஸ்கூதாரில் கோழி காணாமல் போனாலும் கொலைகாரனைத் தேடுகிறவன் அவன்.

“யாரோ தள்ளிவிட்டிருக்கான் எஃபெந்தி! அந்தப் பூச்சுவேலைக்காரன் முழியே சரியில்ல.”

“அவனுக்குப் பொறந்ததுலேர்ந்து மாறுகண்ணு. நட.”

நிலநடுக்கத்தில் பெரிய குவிமாடம் விரிசல் கண்டிருந்தது. இரு பக்கத்து அரைக்குவிமாடங்கள் தோள்கொடுத்ததால்தான் அது தரைக்கு வரவில்லை. அங்கே உதிர்ந்த எழுத்துகளைத்தான் ஸாதுல்லா திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

இமாம் ஹாலித் கெட்டவரல்ல. நிறையப் படித்தவர், அதுதான் சிக்கல். இறந்தவரின் இடுப்புத்துணியில் கிடைத்த காகிதத்தை நீட்டினார்.

“தனக்கே எழுதிக்கிட்ட கல்லறை வரி, எஃபெந்தி. முதல் சொல்லே ‘ஹான்’. அரபியில வேளை வந்தாச்சுன்னு அர்த்தம். அப்புறம், ‘தோட்டத்துக்குப் போ’, அதாவது சொர்க்கத்துக்கு. எழுத்தையெல்லாம் கூட்டிட்டேன். ஹிஜ்ரி ஆயிரத்து நூற்று எண்பது. இந்த வருஷம்!”

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வாசல் கல்லோ கல்லறைக் கல்லோ, கடைசி வரியைக் கூட்டினால் கட்டிய வருடமோ இறந்த வருடமோ வந்துவிடும்.

ஷாகிர் முதலில் சாரத்தடியில் கிடந்த தூரிகையை எடுத்தார். காம்பில் ஆழமாகப் பல் பதிந்திருந்தது.

“குதிக்கப் போறவன் தூரிகையைப் பல்லுல கடிச்சிட்டுப் போவானா? கயித்தைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்னாத்தான் வாயில வைப்பான். பிழைக்கத்தான் பார்த்திருக்கார்.”

“அப்போ இந்த வரி?” என்றார் இமாம்.

ஷாகிர் காகிதத்தை ஜன்னலில் பிடித்தார். முதல் எழுத்தின் வயிற்றுக்குள் வெளிச்சம் நாலு இடத்தில் எட்டிப்பார்த்தது.

“அது பூச்சி அரிச்சது, எஃபெந்தி” என்றார் இமாம்.

“உங்க பூச்சி சாய்சதுரமா அரிக்குமா? சுவருக்கு அச்செடுக்க ஊசியால குத்துவாங்களே, அந்தக் குத்து. இது புள்ளி. புள்ளி வெச்சா ‘ஹான்’ இல்ல, ‘ஜான்’. அரபி இல்ல இமாமே, நம்ம வீட்டுப் பேச்சு. கண்ணேன்னு கூப்பிடுறது. அந்த எழுத்துக்கு எட்டு இல்ல, மூணு. கணக்குல அஞ்சு குறையும்.”

இமாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து.

“எழுபத்தஞ்சாம் வருஷம் உங்க வீட்டுல என்னம்மா நடந்தது?” என்று ஷாகிர் மெதுவாகக் கேட்டார்.

பின்னாலேயே வந்திருந்த நெஃபீஸே அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க பொண்ணு... அம்மை போட்டு. ஆறு வயசு. ஜான்னுதான் கூப்பிடுவார். அவ போனப்புறம் அந்தச் சொல்லே அவர் வாயில வரல. ஊருக்கெல்லாம் எழுதுறீங்களே, பெத்த பொண்ணோட கல்லுக்கு ஒரு வரி எழுதித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு... கல்லு மனசுன்னு இன்னிக்குக் காலையிலகூடத் திட்டித்தான் அனுப்பினேன்.”

“மத்த புள்ளியெல்லாம் மையில இருக்கும்மா. இந்த ஒண்ணுக்கு மட்டும் கை வரல போல. குத்தி வெச்சதோட நிறுத்திட்டார்.”

துர்சுன் கொலைகாரனை மறந்துபோய் மூக்கைச் சிந்தினான்.

அஸருக்கு முன்பே இமாம் தொழவைத்தார். பிறகு வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து, “இவரை எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“நல்லவராத் தெரியும்!” என்றது முற்றம்.

மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதே பதில். வாசலோரம் பெண்களுக்கு நடுவே நின்ற நெஃபீஸே மட்டும் பதில் சொல்லவில்லை. சவப்பெட்டியைத் தோளில் தூக்கிய பிறகு, “எனக்குத்தான் தெரியாமப் போச்சு” என்றாள்.