பழைய சந்தாதாரருக்கு ஒரு கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அவள் கொழுந்தனின் தலையில் ஹெட்செட்டை மாட்டினாள். வலது காது முதலில், அப்புறம் இடது காது, பிறகு வாய்க்கு நேராக மைக். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆபீசுக்குக் கிளம்புமுன் அவள் செய்கிற கடைசி வேலை அதுதான். அவனுக்குக் கை தூக்க வராது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வந்து, இருபத்தாறு வயதில் அவனிடம் மிச்சமிருந்தது இரண்டு கட்டைவிரல்களும், முகமும், எல்லாரையும் அதிகாரம் பண்ணுகிற அந்த வாயும்தான். கட்டிலில் கிடந்தபடியே வீட்டை ஆண்டதால் அவனுக்கு 'ஜமீன்' என்று பெயர்.

"அண்ணி, மைக் மூக்குக்குள்ள போகுது. என் மூச்சைக் கேட்டே எதிரி கண்டுபிடிச்சுடுவான்."

"ஜமீன் மூச்சு விட்டா ஊரே நடுங்கும்னு நெனச்சேன்..."

"நடுங்கும், நடுங்கும். கொஞ்சம் கீழ இறக்குங்க."

இறக்கினாள். அவ்வளவுதான். பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தபோதும், அந்த வீட்டில் கடைசியாக எல்லாம் சரியாக நடந்தது அந்த ஒரு நிமிடம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

கூடத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். மனசு சரியில்லாதபோது அவள் அப்படித்தான். ஜமீன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காத. பத்து வருஷம் உழைச்ச இடத்துல, நேத்து வந்தவள உன் தலைக்கு மேல உக்கார வச்சிருக்காங்க. உன்னைக் கொண்டுபோய்ப் புகார் கேக்கற மேஜையில போட்டிருக்காங்க. நீ வாயே தெறக்கலையே! வெண்ணெ தெரண்டு வர்றப்ப தாழி ஒடைஞ்ச கதையா இருக்கு..."

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன், விரலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தபடி சொன்னான். "அவகிட்ட ஒரு மாசமா கேட்டுப் பாத்துட்டேம்மா. ஊமை கண்ட கனவு மாதிரி உள்ளயே வச்சுக்கறா. சம்பளம் கொறையுதுன்னாவது முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ற நேரம் வந்தா சொல்றேங்க," என்றாள் அவள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் வேலை செய்தது இணையத்தில் விளையாட்டுகளை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கும் ஒரு கம்பெனியில். போன மாதம்வரை விலை வைக்கும் பிரிவில் இருந்தாள். மாதம் ஒரு தொகை கட்டினால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் விளையாடலாம் என்று இதுவரை இருந்ததை, விளையாடும் நேரத்தை மணிக்கணக்கில் அளந்து வாங்குவதாக மாற்றப் போகிறார்கள். அன்று காலை பத்து மணிக்கு அறிவிப்பு. அதுவரை வீட்டு மனிதர்களிடம்கூட மூச்சு விடக்கூடாது. அறிவிப்பில் இல்லாத இன்னொரு விஷயமும் இருந்தது. அதைப் பற்றிய கடிதங்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும்வரை அதையும் சொல்லக்கூடாது.

வாக்கு என்றால் வாக்குதான் அவளுக்கு. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் மாமியார் அவளைப் பெண் எடுத்தாள். அந்தக் குணமேதான் வினையானது.

ஜமீனுக்கு அந்த ஹெட்செட் விளையாட்டுப் பொருள் மட்டும் இல்லை. அவனோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் மூன்று பேர். நாலாவதாக அவன். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம்வரை நாலு பேர் மைக்கும் திறந்தே இருக்கும். அதில் ஒருவர் ரொட்டிக்காரர். விடியுமுன் அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருவார். ஜமீனுக்கு அவ்வப்போது சளி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இருமலின் சத்தம் மாறும். உடனே குழாய் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். மாமியாருக்குக் காது மந்தம். பின்கட்டில் அவள் வேலையாக இருந்தால் இவன் கூப்பிடுவது கேட்காது. ஆனால் கூடத்து டெலிபோனுக்கு மணி பெரியது. இருமல் மாறியதுமே ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். "அம்மா, ஓடுங்க... பையனுக்கு அடைக்குது!" இரண்டு தடவை அப்படித்தான் அவன் பிழைத்தான்.

அறிவிப்பு வந்த செவ்வாயிலிருந்து மூன்று நாள் பகலெல்லாம் அவள் ஆபீசிலேயே கிடந்தாள். வந்து விழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வீடு திரும்பியபோது ஜமீன் தூங்கியிருந்தான்.

புதன்கிழமை காலை ஹெட்செட்டை எடுத்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னைக்கு வேணாம் அண்ணி. காது வலிக்குது."

"டாக்டர்கிட்ட கேக்கட்டுமா?"

"அய்யே, இதுக்கெல்லாமா... ஹெட்செட்டுல பஞ்சு மாத்துனா சரியாயிடும்." முகத்தைத் திருப்பாமலே கேட்டான். "அண்ணி, உங்க கம்பெனியில விலை மாத்திட்டாங்களாமே?"

அந்த இன்னொரு விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"அதெல்லாம் நீ கவலப்படாத. நாளைக்குச் சாயங்காலம் உனக்கு ஒண்ணு காட்டறேன்."

"சரி," என்று சிரித்தான். எந்தக் கிண்டலும் பண்ணாமல் அவன் 'சரி' சொன்னதை அவள் அப்போது கவனிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அன்று முழுக்க வீடு அமைதியாக இருந்தது. சுடு, ஓடு, ஒளி என்று அறைக்குள்ளிருந்து வரும் கத்தல் இல்லை. மாமியார் அதைக் கண்டு சந்தோஷப்பட்டாள். "இன்னைக்குத்தான் இது வீடு மாதிரி இருக்கு," என்று மூத்த மகனிடம் சொன்னாளாம். வியாழக்கிழமையும் அப்படியே விடிந்தது. மறுபடி காது வலி. மறுபடி அந்தச் சிரிப்பு. படியிறங்கும்போது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. பாதிப் படியில் நின்று மேலே பார்த்தாள். திரும்பிப் போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இறங்கிவிட்டாள்.

பதினொன்றரைக்கு மாமியார் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கூடத்து டெலிபோன் அன்று ஒருமுறைகூட அடிக்கவில்லை.

*

சனிக்கிழமை, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஒரு பெரியவர் கையில் காகிதப் பையோடு வாசலில் நின்றார். கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகள். "அம்மா..." என்ற குரலைக் கேட்டதும்தான் மாமியாருக்கு அடையாளம் தெரிந்தது.

"நீங்க... ரொட்டிக்காரரா?"

"ஆமாம்மா." அவர் உட்காரவில்லை. "மன்னிச்சுடுங்க. நான் போன் பண்ணியிருக்கணும். அவன் வேணாம்னு சத்தியம் வாங்கிட்டான்."

"என்ன சத்தியம்?" கணவன் எழுந்தே விட்டான்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் அறிவிப்பைப் படிச்சான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்னு கணக்குப் போட்டான். மாசத்துக்கு வீட்டு வாடகையில பாதி வருதுன்னான். 'எங்க அண்ணிக்குப் பதவி போயிடுச்சு, சம்பளம் கொறைஞ்சிடுச்சு. இதுல நானும் மணிக்கணக்குல தின்னக்கூடாது. நான் நிறுத்திக்கறேன். வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க, அண்ணி அழுவாங்க'ன்னு..."

அவர் முடிக்கவில்லை. மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை அவள் அதற்கு முன் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

"அப்ப நீதான்! விலை வச்சது நீதானே! எம்புள்ள விடற மூச்சுக்கு மணிக்கு இவ்வளவுன்னு விலை வச்சுட்டு, அவனுக்கே காலையில வந்து காதுல மாட்டி விட்டியே... பாவி! தெனமும் என் கையாலதானே சாப்பிட்ட?"

அவள் சுவரோடு நின்றாள். கணவன் தடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொட்டிக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இல்லம்மா, ஒரு நிமிஷம். எனக்கு அதுதான் புரியல. அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு மணிக்கணக்கு கிடையாது, பழைய மாசச் சந்தாவேதான்னு எனக்குப் புதன்கிழமையே கடிதம் வந்துடுச்சு. பையன் எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சேர்ந்தவன். அவனுக்கும் வந்திருக்கும், நாளைக்கே திரும்பி வந்துடுவான்னு நெனச்சுத்தான் பேசாம இருந்தேன்..."

கணவன் தம்பியின் அறைக்குப் போனான். திரை வெளிச்சம் சுவரில் விழுந்தது. திரும்பி வந்தபோது அவன் குரல் மாறியிருந்தது.

"வந்திருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு." மனைவியைப் பார்த்தான். "இப்படிப் பழையவங்களுக்குப் பழைய விலைன்னு எப்ப முடிவாச்சு?"

"போன மாசம் பதினாலாம் தேதி."

"உனக்குப் பதவி போனது?"

"...அன்னைக்குத்தான்."

"ரெண்டும் ஒரே நாளா?"

"ஒண்ணைக் கொடுத்துத்தாங்க இன்னொண்ணு கேட்டேன்."

அவன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். மாமியாரின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு மாதமாக இருவரும் அவளைக் குத்திக் காட்டிய ஒவ்வொரு சொல்லும் கூடத்தில் வந்து நின்றது போல இருந்தது. அந்த இடத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். அவள்மேல் இருந்த பழி முழுசாக விலகிவிட்டது.

"அத்தை, இன்னும் இருக்கு," என்றாள். "எல்லாருக்கும் ஒரே நாள்ல கடிதம் போனா போன் தாங்காதுன்னு, நாலு கட்டாப் பிரிச்சு அனுப்பச் சொன்னது நான்தான். யாருக்கு முதல்ல, யாருக்குக் கடைசியிலன்னு வரிசை எழுதினதும் நான்தான். அதுல கொஞ்சம் பின்னாடி சேந்தவங்க சீக்கிரம் கோவப்படுவாங்க, பழையவங்க பொறுமையா இருப்பாங்க... அதனால ரொம்பப் பழையவங்களுக்குக் கடைசியில போகட்டும்னு என் கையால எழுதினேன். நம்ம ஜமீன் அந்தக் கடைசிக் கட்டுல இருந்தான். எழுதறப்ப எனக்கு அவன் ஞாபகமே வரல அத்தை... என் வீட்டுல இருக்கறவன் ஞாபகம் எனக்கு வரல! நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிட்டு..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள். இனி இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று நினைத்தாள். பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்றுகூட ஒரு நொடி மனம் போனது.

மாமியார் எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று கணவனே பயந்து பாதி எழுந்தான். கிழவி மருமகளின் கைகளை முகத்திலிருந்து விலக்கினாள்.

"அவனுக்கு உன் பதவி போனது எப்படித் தெரியும்னு நீ கேக்கலையே..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நீ போனப்புறம். அவன் சத்தம் போட்டு வெளையாடிக்கிட்டு இருந்தான். எனக்கு ஆத்திரம். 'அவ அங்க பதவிய இழந்துட்டு நிக்கறா, நீ பொழுதன்னைக்கும் இதுல காசக் கரைக்கிற, உனக்கு ஒறைக்கலையா'ன்னு கேட்டேன். பெத்தவ கேட்டேன்!" மாமியாரின் தாடை ஆடியது. "ரெண்டு நாள் வீடு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். பின்கட்டுல நின்னுக்கிட்டு... பாட்டுகூட முணுமுணுத்தேன்."

"அத்தை..."

"உன்னைப் பாவின்னு சொன்னேனே. ஒருத்திய அப்படிச் சொல்லிட்டா எம்மேல இருக்கறது போயிடும்னு பாத்தேன். போகலடி. போகவே இல்ல..."

மருமகள் அவளைக் கட்டிக்கொண்டாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. இருவரும் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள். ரொட்டிக்காரர் காகிதப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கணவன் தம்பியின் அறை வாசலில் நெற்றியை நிலையில் முட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து வந்து, மனைவியின் தோளில் கை வைத்தான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆனால் காலையில் அவள் கிளம்பும்போது படியிறங்கி, பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை அவள் புகார் மேஜைக்குப் போனாள். இன்னும் கடிதத்தைத் திறந்து பார்க்காத பழைய சந்தாதாரர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். கம்பெனி அப்படி ஒரு வேலையைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் தானே போனில் கூப்பிட்டாள். "உங்களுக்கு மணிக்கணக்கு இல்லீங்க. நீங்க நிறுத்த வேண்டாம். இன்னைக்கே வெளையாடுங்க." சிலர் சிரித்தார்கள். விளம்பரம் என்று நினைத்துச் சிலர் வைத்துவிட்டார்கள். ஒரு பெண்மணி மட்டும், "நாலு நாளா எங்க வீட்டுக்காரர் யார்கூடவும் பேசலம்மா," என்றாள்.

பட்டியல் முடிய மூன்று வாரமாயிற்று.

ஜமீனின் கணக்கை மூடலாமா என்று கணவன் ஒருமுறை கேட்டான். மாமியார் வேண்டாம் என்றுவிட்டாள். மாதம் பிறந்தால் பழைய சந்தா போய்க்கொண்டிருக்கிறது. அவன் பெயருக்குக் கீழே, கடைசியாக விளையாடிய நாள் என்ற இடத்தில் செவ்வாய்க்கிழமை என்றிருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம்.