எடையில்லாத மீன்

மீன்பிடிக் கூட்டுக்குள் கிடந்த மீன்கள் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தன. ரியாமா ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் அதில் எடையே இல்லை என்று தெரிந்தது. செதில், தோல், முள். உள்ளே ஒன்றுமில்லை.

"சுணைப்புழு மேஞ்சிருக்கு மதினி," என்றாள் ஓடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நாத்தனார் பிகோம்போ. "ரெண்டு நாளா தூக்காத கூடு. செத்த வாடை வந்தா அது சும்மா விடுமா? வாங்க, இருட்டப் போகுது."

"உங்கண்ணன் தூக்க வந்த கூடுடி இது."

முந்தாநாள் அவள் கணவன் ஹமாதின் ஓடம் மட்டும்தான் கரை ஒதுங்கியது. நாளை ரியாமாவை விதவை என்று இத்தாவில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு நாலு மாதத்துக்கு மேல் கடல் பக்கம் வர முடியாது. அவன் ஏதாவது திட்டில் உயிரோடு கிடந்தால்? செத்தே இருந்தாலும் குளிப்பாட்டி அடக்க ஓர் உடம்பு வேண்டாமா? அதற்குள் அழுது முடித்துவிட்ட பெம்பாத் தீவு முழுவதன் மேலும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கூடு நழுவாமலிருக்கக் கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நீரில் குதிப்பது அவர்கள் துறை ஆட்களின் பழக்கம். அந்தக் கயிறு கூட்டிலிருந்து பாறை இடுக்குகளின் வழியே நீண்டு போவதை அவள் இப்போதுதான் கவனித்தாள்.

"கயித்தைத் தொடாதீங்க மதினி! புழு இருக்கும். சுணை குத்துனா கையி தீயா எரியும்!"

அவள் கயிற்றோடு நடந்தாள். நீர் வடிந்த பவளப்பாறை எங்கும் சடசடவென்று ஏதோ வெடிக்கும் ஓசை, அழுகிய பாசியோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பான நாற்றம். காலடியில் ஒவ்வொரு பொந்திலிருந்தும் விரல் நீளத்துக்குச் செம்புழுக்கள், விளிம்பெல்லாம் வெள்ளைச் சுணை சிலிர்க்க, கயிற்றோரமாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே திசையில். அவள் போகும் திசையில்.

பாறைக்கு அப்பால் ஒரு குட்டை. நெஞ்சளவு நீரில் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் ஹமாத். தலை நிமிர்ந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு.

உதடுகள் அசைந்தன.

"பிகோம்போ! உசுரோட இருக்காருடி! பேசுறாரு!"

விழுந்து எழுந்து ஓடினாள். முழங்கால் கிழிந்தது. உறைக்கவில்லை.

"என்னங்க? என்ன சொல்றீங்க?"

இரண்டு கையாலும் அவன் முகத்தை ஏந்தினாள்.

எடையே இல்லை.

உள்ளங்கைகள் எரியத் தொடங்கின. அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.