பதிவு செய்தவர்கள் போகும் பக்கம்

மழை விட்ட மதியத்தில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். பழைய வீடு ஒன்றின் மாடி. போன வாரம்தான் இங்கே மாறியிருந்தார்கள். சுவர்களில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. சீனியரின் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தேநீரில் இன்னும் ஆவி பறந்தது. அவரைக் காணோம்.

சின்ன வேலைதான். அவர்களுடைய இணையதளத்தில் புதிதாகப் பதிவு செய்பவர்கள் இதுவரை முகப்புப் பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். இனி நல்வரவுப் பக்கத்துக்குப் போக வேண்டும். சீனியர் காலையிலேயே மாற்றிவிட்டார். சரியாகப் போகிறதா என்று சோதிப்பது அவள் பொறுப்பு.

பொய்ப் பெயர் யோசிக்கச் சோம்பல். வழக்கம்போல் தங்கையின் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்தாள். தங்கைக்கு ஒரு மெயில் போகும். அதிலுள்ள இணைப்பைத் தட்டினால் பதிவு முடிந்து புதுப் பக்கம் திறக்கும்.

அப்போதுதான் சீனியரின் திரையைப் பார்த்தாள். அவர் தன் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்து சோதித்திருந்தார்.

திறந்திருந்தது நல்வரவுப் பக்கம் இல்லை.

ஒரு நீண்ட அறையின் படம். மங்கலான வெளிச்சத்தில் வரிசையாக ஆட்கள், எல்லோரும் முதுகு காட்டி. கடைசியில் நின்றவர் கட்டம்போட்ட சட்டை அணிந்திருந்தார். காலையில் வீடியோ அழைப்பில் சீனியர் போட்டிருந்த அதே சட்டை.

அந்தத் தோள்கள் மெல்ல ஏறி இறங்கின.

மூச்சு.

தங்கையை அழைத்தாள்.

"ஏய், என் ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்தா தொடாதே!"

"தொட்டாச்சே. எப்பப் பாரு என் பேரையே போட்டு உயிரை வாங்குற. உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"என்ன தெரியுது? சொல்லுடி!"

"பக்கம் திறக்காம சுத்திக்கிட்டே இருக்கு. உங்க வேலை லட்சணம் அப்படி."

சீனியர் காலையில் மாற்றிய நிரல் வரியைத் தேடித் திறந்தாள். நல்வரவுப் பக்கம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. அதை அப்படியே அழித்தாள். பதிவு செய்பவர் எங்கேயும் போக வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று மாற்றிச் சேமித்தாள்.

"நின்னுடுச்சுக்கா. பதிவு முடிஞ்சதுன்னு மட்டும் வருது."

"நீ வீட்லதானே இருக்க?"

"பின்ன? கட்டில்ல கால் நீட்டிப் படுத்திருக்கேன். ஏன், அழறியா?"

அவள் மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள். தங்கை வீட்டில் இருப்பதே ஆறுதலாக இருந்தது.



"அக்கா." தங்கையின் குரல் கிசுகிசுப்பாகியிருந்தது. "என் ரூமுக்குள்ள யார் யாரோ வந்து நிக்கிறாங்க."

"யாரு?"

"தெரியல. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறாங்க."

"எழுந்திரு! கதவைத் திறந்து வெளியே ஓடு!"

"எந்தக் கதவுக்கா?"