பசியின் திசை

மதிய உணவு முடிந்த பிறகும் நறுமுகையின் மணிக்கட்டில் பசிமானி சிவப்பாகவே எரிந்தது. பள்ளியின் ஊட்டுப்பொறி அதைப் பார்த்து இன்னொரு கரண்டி சாம்பார் சாதம் வைத்தது. அவளால் விழுங்க முடியவில்லை. வயிறு நிறைந்திருந்தது; ஆனாலும் பசித்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பிய அவளுடைய அம்மா தாரணிக்கு, இரண்டாவது எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் குழந்தையை அரசின் ஊட்டகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

மதிய உணவு அரசின் பொறுப்பு. காலையும் இரவும் பெற்றோர் பொறுப்பு. அதை மறப்பவர்களுக்காகத்தான் பசியிணை வந்தது. குழந்தையின் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு, பெற்றோரில் ஒருவருக்கு இன்னொன்று. குழந்தைக்குப் பசித்தால் பெரியவருக்கும் பசிக்கும். 'பெற்றோரில் ஒருவர்' என்றுதான் சட்டம் சொன்னது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அந்த ஒருவர் அம்மாதான்.

தாரணிக்கு எந்நேரமும் பசித்தது. எல்லாம் மகளுடைய பசி என்று நினைத்தாள். மேலும் மேலும் ஊட்டினாள்.

சனிக்கிழமை காலை ஊட்ட அலுவலர் பெனிட்டா வந்தபோது, நறுமுகை தோசைத் தட்டின் முன் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். பசிமானி சிவப்பு.

"எத்தனை தோசை சாப்பிட்டே, கண்ணு?"

"நாலுங்க. போதும்னா அம்மா விடவே மாட்டேங்குது."

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"இன்னிக்கு விரதமுங்க."

"யாருக்காக?"

"இவளுக்காகத்தானுங்க. காய்ச்சல் வந்தப்ப வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தேன். மொத எச்சரிக்கை வந்ததும் செவ்வாயும் சேத்துக்கிட்டேன். இப்ப சனியும். இவ பசி தீரோணுமில்லீங்க?"

பெனிட்டா பசிமானியையும் தாரணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு தோசையைத் தாரணியின் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க."

"ஐயோ, சாமி குத்தமாயிருமுங்க!"

"அப்ப பிள்ளையைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

தாரணி சாப்பிட்டாள். முதல் தோசை முடியும்போது பசிமானி மஞ்சளானது. மூன்றாவதில் பச்சை.

"அம்மா, பசி போயிருச்சு!" என்று நறுமுகை கத்தினாள்.

அடுப்படியில் நின்றிருந்த அப்பா கோகுல், "அப்ப நான் தின்ன ஆறு தோசை யாருக்குங்க போச்சு?" என்று கேட்டான்.

"உங்களுக்கே போச்சு" என்றாள் பெனிட்டா.

அவளுடைய அறிக்கை துறையைக் கலக்கியது. பசியிணை, பசி மிகுந்தவரிடமிருந்து மற்றவருக்குப் பசியைக் கடத்தியது. வடிவமைத்தவர்கள் குழந்தையைவிட அம்மாவுக்கு அதிகம் பசிக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. சோதித்தபோது, ஊர் ஊராகச் சிவப்பாக எரிந்த பசிமானிகளில் பெரும்பாலானவை காட்டியது அம்மாக்களின் பசியைத்தான். விரதம் இருந்தவர்கள், கடைசியில் சாப்பிட உட்கார்ந்தவர்கள், சட்டியில் மிஞ்சியதோடு எழுந்தவர்கள். அவர்களுக்கும் பள்ளியிலேயே ஒரு தட்டு வைக்கலாம் என்று பெனிட்டா எழுதினாள். திட்டம் குழந்தைகளுக்கானது என்று பதில் வந்தது.

முடிவு எடுக்கத் துறைக்குச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்கள் நறுமுகைக்குக் கொண்டாட்டம். விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று உள்ளே ஓடி வருவாள். "எனக்குப் பசிக்குது. போய்ச் சாப்பிடும்மா!" தாரணி முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுப்பாள். கன்னத்தில் சதை பிடித்தது. கம்பெனியில் கேலிகூடச் செய்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பசியிணைகளும் குழந்தையிடமிருந்து பெரியவருக்கு என ஒரே திசையில் மட்டும் கடத்தும்படி மாற்றப்பட்டன. மாநிலமெங்கும் பசிமானிகள் பச்சையாயின. பசி ஒழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. எச்சரிக்கைகள் ரத்தாயின.

தாரணிக்குத் துறையின் விளக்கங்களில் அவ்வளவு நம்பிக்கையில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்றே நினைத்தாள். பழைய விரதங்களைத் தொடர்ந்தாள். நன்றிக்காகத் திங்கட்கிழமையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை நறுமுகைக்கு இட்லி வைத்தாள்.

"நீ சாப்டியாம்மா?"

"ஆச்சு கண்ணு. நீ சாப்புடு."

நறுமுகை தட்டில் கை வைக்காமல் சற்றுக் காத்திருந்தாள். தன் பசியைத் தவிர உள்ளே வேறெந்தப் பசியும் இல்லை. அம்மா சாப்பிட்டுவிட்டாள் என்று நம்பி, தட்டைக் காலி செய்தாள்.