மைக் மாமாவின் கைக்குட்டை

எங்கள் வீட்டு நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அப்பா வைத்த பெயர் அது. கடற்கரைக்குப் போனால் மட்டும் அவனுக்கு வேலை வந்துவிடும். எதையாவது கவ்விக்கொண்டு போய் மணலில் புதைப்பான்.

போன வாரம் பக்கத்து வீட்டு அத்தையின் புதுச் செருப்பைப் புதைத்துவிட்டான். இன்னொரு புகார் வந்தால் அவனைத் தூரத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைக் மாமா கடலில் குளித்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் மைக் பிடித்து, எந்தப் படகு எப்போது கிளம்பும் என்று அறிவிப்பவர் அவர். அவர் குரல் எங்கள் தெரு வரை கேட்கும். கரையில் கழற்றி வைத்திருந்த அவருடைய ஷூவுக்குள் மேனேஜர் மூக்கை நுழைத்தான். ஒரு கைக்குட்டை முடிச்சைக் கவ்விக்கொண்டு ஓட்டம் பிடித்தான். நான் துரத்துவதற்குள், கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டான். திரும்பி வந்தபோது மூக்கு நிறைய மணல், வாயில் ஒன்றுமில்லை.

மாமா கரையேறி வந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேனேஜர் எதையாவது எடுத்தானா என்று என்னிடம் கேட்டார்.

“இல்ல மாமா. அவன் என் பக்கத்துலயேதான் இருந்தான்” என்றேன். கூச்சமே இல்லாமல் வந்துவிட்டது பொய்.

அவர் அதை அப்படியே நம்பினார். அதுதான் கொடுமை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஷூக்குள்ள வெச்ச கைக்குட்டையைக் காணோம். அதுல என் பல் செட்டு இருக்கும்மா. வீட்ல தவிர யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாத.”

தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து மணிக்கு, சித்தியை வழியனுப்ப அம்மாவோடு படகுத்துறைக்குப் போனேன். மைக் சும்மா கிடந்தது. மாமா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, படகு நேரங்களை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. படகைத் தவறவிட்ட ஒருவர் அவரிடம் வந்து கத்தினார்.

“ஏன்யா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பாவம், பல் வலி போலிருக்கிறது என்றாள் அம்மா. எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன. மேனேஜரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவரை மாட்டிவிட்டிருந்தேன்.

சித்தியின் படகு கிளம்பியதும் வீட்டுக்கு ஓடி, மேனேஜரை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகுகள் வரை வந்துவிட்டால் எல்லாம் போச்சு. எங்கே புதைத்தாய் என்று கேட்டேன். அவனுக்கு அது விளையாட்டு. ஒரு குழியில் அப்பாவின் சாக்ஸ் வந்தது. அடுத்ததில் எங்கள் வீட்டுக் கரண்டி. அதைத் தொலைத்தது அப்பாதான் என்று அம்மா ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. நானும் இரண்டு கையாலும் தோண்டினேன். அலை என் காலை நனைத்தபோது நீலக் கைக்குட்டை தெரிந்தது. முடிச்சு அவிழவில்லை.

டிக்கெட் அறைக்குப் பின்னால் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க அதை நீட்டினேன். கீழே கிடந்தது என்று சொல்லிவிடலாமா என ஒரு நொடி தோன்றியது. மனசு கேட்கவில்லை.

“மேனேஜர்தான் எடுத்தான் மாமா. நான் பாத்தேன். பாத்துட்டுதான் பொய் சொன்னேன்.”

அவர் முடிச்சை அவிழ்த்தார். திரும்பி நின்று, குழாயில் கழுவி மாட்டிக்கொண்டார். மேனேஜர் அதையும் மேற்பார்வை பார்த்தான்.

“அப்பாகிட்டயும் நானே சொல்லிடறேன்” என்றேன்.

“என்னன்னு சொல்லுவ?” அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

யோசித்தேன். “உங்க கைக்குட்டையை எடுத்துட்டான்னு.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து போய் மைக்கைப் போட்டார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கைக்குட்டைக்குள் என்ன இருந்தது என்பதைத் தவிர. சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் கடற்கரைக்குக் கயிறு கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும் என்றார். பெரியப்பா வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

“அது சரி, ஒரு கைக்குட்டைக்கா இவ்ளோ அழுகை?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவே இல்லை.